கல்லைத் தின்ற புகை

அலகேனி நியாயஸ்தலத்தின் வரலாறு: இரண்டாம் பகுதி

அலகேனி, மொனங்கஹீலா என்னும் இரு நதிகள் கூடி ஒஹாயோ என்னும் மகாநதியாகப் புறப்படும் சங்கமத்தில், ஒரு கோட்டையின் அடியில் பிட்ஸ்பர்க் நகரம் முளைத்த கதையைச் சென்ற பகுதியில் கண்டோம். பென்சில்வேனியா ராஜ்யத்தார் 1788-ஆம் ஆண்டில், ஜில்லாவைப் போன்றதும் கௌண்டி என்று வழங்குவதுமான ஆட்சிப் பிரிவு ஒன்றை அலகேனி என்ற பெயரால் அங்கே அமைத்தார்கள் என்பதையும், அதன் நியாயஸ்தலம் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கவேண்டும் என்று முதலில் செய்த சட்டத்தை 1791-இல் மாற்றிப் பிட்ஸ்பர்க்கையே அதற்குத் தலைமை ஸ்தானமாக்கினார்கள் என்பதையும், வாடகை அறைகளில் நடந்துவந்த விசாரணைகளுக்கென்று சந்தைச் சதுக்கத்தில் முதல் கட்டடம் எழுந்தது என்பதையும் சொல்லி நிறுத்தினோம். இனி, சந்தையின் சந்தடியை விட்டு நீதி குன்றின்மேல் ஏறிய விருத்தாந்தத்தைச் சொல்லவேண்டும்.

அந்தக் குன்றுக்குக் கிரான்ட் குன்று என்று பெயர். 1758-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோட்டையைப் பிடிக்கச் சென்ற மேஜர் ஜேம்ஸ் கிரான்ட் என்பவர், பிரெஞ்சுக்காரரும் அவர்களுக்குத் துணைநின்ற பூர்வகுடி வீரர்களும் சேர்ந்து தாக்கியதில் படையையும் இழந்து தாமும் சிறைப்பட்ட இடம் அது. ஜெயித்தவர் பெயரைச் சூட்டிக்கொள்ளும் ஊர்கள் உலகில் பல உண்டு. தோற்றவர் பெயரை இத்தனை காலம் மறவாமல் வைத்திருக்கும் குன்று இது. ஊர் வளர வளர, சரக்கு வண்டிகள் ஏறமுடியாத இந்த மேடு ஊராருக்கு ஓர் இடையூறாகத் தோன்றியது; 1836-இலும் 1847-இலும் அதன் தலையைச் சற்றுச் சற்றாகச் செதுக்கித் தாழ்த்தினார்கள். இந்தச் செதுக்கல் வேலையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையின் முக்கியமான திருப்பம் ஒன்று அதிலிருந்தே பிறக்கப் போகிறது.

குன்றின்மேல் நிலம் வாங்கி, இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஜான் சிஸ்லெட் என்ற சிற்பியைக் கொண்டு, கௌண்டியார் 1836-இல் தொடங்கி 1841-இல் முடித்த இரண்டாவது நியாயஸ்தலம், அக்காலத்து அமெரிக்கர்கள் பெரிதும் விரும்பிய கிரேக்க முறையில், தூண்வரிசையும் முகப்புக் கோணமும் மேலே குவிமாடமுமாக எழுந்தது. மாடத்தின் கீழ் 60 அடி விட்டமும் 80 அடி உயரமும் கொண்ட வட்ட மண்டபம் இருந்தது. அப்பொழுது பிட்ஸ்பர்க்கின் ஜனத்தொகை 21 ஆயிரத்துச் சொச்சம். அவ்வளவு சிறிய ஊருக்கு அவ்வளவு பெரிய மண்டபம், ஊராரின் எதிர்கால நம்பிக்கைக்குச் சாட்சியாக நின்றது.

ஆனால் அந்த நம்பிக்கையை நிறைவேற்றிய பொருளே மண்டபத்துக்கு எமனாக வாய்த்தது. மொனங்கஹீலா நதியின் எதிர்க்கரையில் நிற்கும் மலைக்கு அக்காலத்தில் நிலக்கரி மலை என்று பெயர். அதைக் குடைந்தெடுத்த கரியைக் கொண்டே பிட்ஸ்பர்க் கண்ணாடி காய்ச்சியது, இரும்பு உருக்கியது, வீடுகளில் குளிர்காய்ந்தது. நியாயஸ்தலத்தை எழுப்பிய சாம்பல் நிற மணற்கல்லும் அதே மலையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்ததுதான். ஒரே மலையின் வயிற்றில் பிறந்த கல்லும் கரியும் நகரத்தில் மீண்டும் சந்தித்தபோது, கரி புகையாகி, தன் உடன்பிறப்பான கல்லைத் தின்னத் தொடங்கியது.

அது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். நிலக்கரியில் கந்தகம் கலந்திருக்கிறது. எரியும்போது அக்கந்தகம் வாயுவாகிப் புகையோடு எழுந்து, மழையிலும் பனியீரத்திலும் கரைந்து, மெல்லிய திராவகமாகக் கட்டடத்தின்மேல் படிகிறது. மணற்கல் என்பது, மணல் துகள்களை இயற்கை ஏதேனும் ஒரு காரையால் பிணைத்துவைத்த பண்டம்; அந்தக் காரையில் சுண்ணாம்புச் சத்து இருக்குமானால், திராவகம் அதைப் பற்றி ஜிப்சம் என்னும் உப்பாக மாற்றிவிடும். அவ்வுப்பு கல்லின் மேற்புறத்துக்குள் விரிந்து பருத்து, வழுவழுப்பாகச் செதுக்கிய முகத்தைத் தோல் உரிவது போல் உரித்துத் தள்ளும். இரண்டாவது நியாயஸ்தலத்துக்கும் இந்தக் கதியே நேர்ந்தது. தீட்டிய கல்முகங்கள் பெயர்ந்து விழுந்தன. கூரையை ஒட்டிய விளிம்புக் கற்கள் உதிரத் தொடங்கின. சொறி பிடித்த சரீரம் போலக் கட்டடம் காட்சியளித்தது. சுவரை இழைப்பதும் ஒட்டுப்போடுவதும் நோயின் குறியை மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. நோயோ கல்லில் இல்லை, ஊர் முழுவதும் மூச்சுவிடும் காற்றில் இருந்தது.

அந்நிலையிலும் வழக்குகள் அங்கேதான் நடந்தன. ஜனத்தொகை 1880-இல் ஒரு லட்சத்து 56 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வழக்குகளும் பத்திரங்களும் வரிக் கணக்குகளும் அதற்கேற்பப் பெருகின. சிதிலமான மண்டபம் அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு நின்றது. 1882-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று, அதில் தீப்பற்றியது. புகை நாற்பது ஆண்டுகளாக மெல்ல மெல்லச் செய்துவந்த வேலையை நெருப்பு ஒரே நாளில் முடித்துவிட்டது. எஞ்சியதை இடித்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மூன்றாவது நியாயஸ்தலத்தைக் கட்டவேண்டிய பொறுப்பு கௌண்டியின் கமிஷனர்கள்மேல் விழுந்தது. 1877-ஆம் ஆண்டு ரயில்வே தொழிலாளர் கலவரத்தில் எரிந்துபோன சொத்துகளுக்கு நஷ்டஈடு கொடுக்கும் பாரத்தையும் சட்டம் அதே கௌண்டியின் தலைமேல்தான் சுமத்தியிருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் மலிவான கட்டடத்தை நாடாமல், ஐந்து சிற்பிகளை அழைத்துப் போட்டி வைத்து, 1884-இல் பாஸ்டன் பக்கத்தில் தொழில் நடத்திவந்த ஹென்ரி ஹாப்ஸன் ரிச்சர்ட்ஸனைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறைச்சாலையையும் சேர்த்து 22 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு ஒப்பந்தம் ஆயிற்று. நார்க்ராஸ் சகோதரர்கள் என்ற நிறுவனத்தார் வேலையை ஏற்றார்கள்.

ரிச்சர்ட்ஸனைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. 1838-இல் லூயிஸியானாவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, பாரிஸ் நகரத்துப் புகழ்பெற்ற கலைப்பள்ளியில் கட்டடக்கலை பயின்று திரும்பிய அவர், பிரான்ஸின் தென்பகுதியிலும் ஸ்பெயினிலும் மத்தியகாலத்தார் எழுப்பிய கனத்த அரைவட்ட வளைவுகளையும் முரட்டுக் கல்லின் கம்பீரத்தையும் தமதாக்கிக்கொண்டு, பாஸ்டனின் டிரினிட்டி ஆலயத்தின் மூலம் நாடறிந்த சிற்பியானார். அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் தந்தை, பிராணவாயுவைக் கண்டறிந்து உலகத்துக்கு அறிவித்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லி. அந்த மேதை தம் கடைசிப் பத்து ஆண்டுகளைக் கழித்து உயிர்நீத்ததும் இதே பென்சில்வேனியாவில்தான். நல்ல காற்று எது, கெட்ட காற்று எது என்று ஆராய்ந்தவரின் வழித்தோன்றல், காற்றே நஞ்சாகிவிட்ட ஒரு நகரத்தில் நீதிக்கு மனை கட்ட வந்தார் என்பதை எண்ணும்போது, சரித்திரம் சில சமயம் எவ்வளவு பொருத்தமாகத் தன் காரியஸ்தர்களைத் தேர்ந்தெடுக்கிறது என்று வியக்கத் தோன்றுகிறது.

அவர் செய்த முதல் காரியம், கல்லை மாற்றியது. அருகிலிருந்த மணற்கல்லை விட்டு, மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்து மில்போர்டிலிருந்து இளஞ்சிவப்புக் கருங்கல்லை வரவழைத்தார். படிகங்கள் ஒன்றோடொன்று இறுகக் கோத்துப் பிறந்த கருங்கல்லில் திராவகம் பற்றுவதற்குச் சுண்ணாம்புக் காரை கிடையாது. அதன் முகத்தையும் அவர் வழுவழுப்பாகத் தீட்டவிடாமல், மலையில் பிளந்தபடியே கரடுமுரடாக விட்டுவைத்தார். உரிவதற்குத் தோல் இல்லாத கல்லாகப் பார்த்து அவர் எடுத்துக்கொண்டார் என்றே சொல்லலாம். கரி படியும், கறுக்கும். ஆனால் கல் உதிராது.

இரண்டாவது காரியம், கட்டடத்தின் நடுவே விசாலமான முற்றத்தை விட்டு, அதைச் சுற்றி நாற்புறமும் அறைகளை வகுத்தது. மின்விளக்கு தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் காலத்தில், சாட்சியின் முகத்தை நீதிபதி நன்கு காணவேண்டுமானால் சூரியனைத்தான் நம்பவேண்டும். வீதியின் பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சமும் முற்றத்தின் பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சமுமாக, இருமுகமாக ஒளி நுழையும்படி அவர் செய்தார். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு, அடுக்கடுக்காக எழும் வளைவு ஜன்னல்கள் ஒரே தாளகதியில் சுற்றிவருவது தெரியும். அலங்காரம் ஒன்றும் அதிகமில்லாத அந்தச் சுவர்களின் நிதானமே அவற்றுக்கு அழகு.

மூன்றாவது காரியமே எல்லாவற்றிலும் வியப்பானது. கிரான்ட் வீதியை நோக்கி நிற்கும் பெரிய கோபுரம், பார்ப்பவர் கண்ணுக்கு அதிகாரத்தின் சின்னமாகத் தோன்றும்; உண்மையில் அது கட்டடத்தின் நாசி. கீழே தேங்கிநின்ற புகைமண்டலத்துக்கு மேலே தலையை நீட்டி, அங்குள்ள தூய காற்றை உள்ளிழுத்து, அடித்தளத்துக்கு இறக்கி, அங்கிருந்து அறைகளுக்குப் பகிர்ந்து அனுப்புவது அதன் தொழில். அறைகளில் மூச்சுவிட்டுக் கெட்ட காற்றைப் பின்புறத்துச் சிறிய கோபுரங்கள் இரண்டும் வெளியேற்றின. பழைய மண்டபத்தின் நோய் காற்றில் இருந்தது என்று சொன்னோம். ரிச்சர்ட்ஸன் அந்த நோய்க்கு மருந்தைக் கட்டடத்தின் உருவத்திலேயே கலந்துவிட்டார்.

நான்காவது காரியத்தைக் கட்டி முடித்த நாளில் யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. குன்றை இருமுறை செதுக்கிய ஊர் மூன்றாவது முறையும் செதுக்கத் தயங்காது என்று அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, தரைமட்டத்துக்குக் கீழே, மண்ணுக்குள் மறையப்போகும் அஸ்திவாரச் சுவரையும், வெளியே தெரியும் சுவரைப் போலவே நன்கு முடித்த கல்வரிசைகளால் கட்டச் செய்து, அதன்பின் மண்ணை மூடச் செய்தார். புதைக்கப்போகும் கல்லுக்கு எதற்காக இத்தனை நேர்த்தி என்று அன்று வேலைத்தலத்தில் நின்றவர்கள் மலைத்திருக்கலாம். விடை கிடைக்க ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த விடையைக் காண அவர் இருக்கவில்லை. சிறுநீரக நோய் பல ஆண்டுகளாக அவரை அரித்துவந்தது. பிட்ஸ்பர்க் நியாயஸ்தலத்தையும், சிக்காகோவில் மார்ஷல் பீல்ட் என்ற வணிகருக்காகத் தாம் எழுப்பிக்கொண்டிருந்த பண்டகசாலையையும் முடித்துப் பார்க்க இன்னும் இரண்டு ஆண்டு ஆயுள் கிடைத்தால் போதும் என்று அவர் விரும்பியதாக அவரை அறிந்தோர் கூறியிருக்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டு கிடைக்கவில்லை. 1886 ஏப்ரல் 27-ஆம் தேதி, 47-ஆம் வயதில் அவர் காலமானார். அந்த ஆண்டிலேயே சிறைச்சாலை முடிந்தது. அவருடைய நிலையத்தில் பயின்ற ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் ஆகிய மூவரும், ஆசானின் வரைபடத்திலிருந்து வழுவாமல் வேலையை நடத்தி, 1888 ஏப்ரலில் நியாயஸ்தலத்தைப் பூர்த்திசெய்தார்கள். அவர் கேட்ட இரண்டு ஆண்டுக் காலமும் சரியாக அன்றோடு முடிந்தது.

கட்டடத்தின் புகழ் வெகுவிரைவில் பரவியது. மினியாபொலிஸ் நகர மண்டபமும் கனடா தேசத்து டொரான்டோவின் பழைய நகர மண்டபமும் இதன் சாயலைத் தாங்கி எழுந்தவை. ஆனால் பிறந்த ஊரிலேயே அதன் சோதனைக்காலம் தொடங்கிவிட்டது. 1902-இல் எதிர்வரிசையில் ஹென்ரி கிளே பிரிக் என்ற இரும்புச் செல்வர் இருபது மாடி எழுப்பினார். புகைக்கு மேலே தனித்து நின்ற கோபுரம், வானளாவிய கட்டடங்களின் நிழலில் நிற்கும் கோபுரமாயிற்று. அதன் பிறகு, 1913-ஆம் ஆண்டையொட்டி, ரிச்சர்ட்ஸன் எதிர்பார்த்த அந்த மூன்றாவது செதுக்கல் நடந்தது. கிரான்ட் வீதி ஏறத்தாழ ஒரு மாடி உயரத்துக்குத் தாழ்ந்தது.

மண் விலகியதும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருளில் கிடந்த கல்வரிசைகள், வேலை முடித்த கோலத்திலேயே வெளிச்சத்துக்கு வந்தன. ஒட்டுப்போட வேண்டியதில்லை, மூடி மறைக்க வேண்டியதில்லை. கட்டடம் சற்று உயர்ந்துவிட்டது போலத் தோன்றியதே தவிர, அஸ்திவாரம் வெளிப்பட்ட அவலம் அதற்கு நேரவில்லை. காலமாகிக் கால் நூற்றாண்டு கடந்த ஒருவர், தம் கட்டடத்தைத் தாமே பராமரித்துக் கொடுத்த அற்புதத்தை அன்று கிரான்ட் வீதியில் நடந்தவர்கள் கண்டார்கள்.

ஆனால் தூரதிருஷ்டிக்கும் ஓர் எல்லை உண்டு. சுவரைக் காப்பாற்றிய முன்யோசனை வாயிலைக் காப்பாற்றவில்லை. ஜனங்கள் வணக்கத்தோடு நுழையும்படி அவர் அமைத்த மகாதுவாரம், வீதி தாழ்ந்ததும் அந்தரத்தில் நின்றுவிட்டது. 1928-இல் அதைச் சரிசெய்ய முற்பட்டவர்கள், வாயிலைக் கீழே வீதிமட்டம் வரை நீட்டி, ரிச்சர்ட்ஸனின் உயர்ந்த பிரவேச மண்டபம் இருந்த இடத்தில் தாழ்ந்த கூரையும் மங்கிய ஒளியுமுள்ள ஒரு கூடத்தை அமைத்தார்கள். ஜனங்கள் உள்ளே நுழைய வழி பிறந்தது. நுழையும்போது மனம் விரியும் அனுபவம் போயிற்று. அவர்களைக் குறைகூறுவது எளிது; அவர்கள் முன் இருந்த சங்கடமோ மெய்யானது. எனினும் இதிலிருந்து ஒரு பாடம் பெறலாம். பழுதுபார்ப்பவர் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. முதலில் கட்டியவர் அந்த இடத்தில் மனிதருக்கு எந்த உணர்ச்சியை உண்டாக்க நினைத்தார் என்பதையும் அளந்தறிய வேண்டும். அது தெரியாமல் செய்யும் சம்ரட்சணை, கட்டடத்தைக் காப்பாற்றி அதன் கருத்தைக் கைவிட்டுவிடும்.

இதற்கு நேர்மாறான உதாரணங்களும் அதே சுவர்களுக்குள் இருக்கின்றன. 1930-களில் வின்சென்ட் நெஸ்பர்ட் என்ற ஓவியர், நீதி, சமாதானம், தொழில் ஆகியவற்றையும், கோட்டையின் பழங்கதையையும், கிரான்ட் தோற்ற அந்தப் போரையும் ஐந்து பெரிய சுவரோவியங்களாகத் தீட்டினார். கட்டடத்தின் உருவத்தை மாற்றாமல், அது நிற்கும் மண்ணின் நினைவை அவை அதற்குள் கொண்டுவந்து சேர்த்தன.

வெளியே புகை மட்டும் ஓயவில்லை. சிவந்த கல் கறுத்து, வேறு கல்லோ என்று ஐயுறும்படி ஆகிவிட்டது. நடுப்பகலில் தெருவிளக்கு எரியும் நகரம் என்று பிட்ஸ்பர்க் பெயரெடுத்தது. பல தலைமுறையாகச் செல்வத்தின் அறிகுறி என்று எண்ணி மக்கள் பொறுத்திருந்த அந்த இருளை நீக்க, நகரசபையார் 1941-இல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைச் செய்தார்கள். யுத்தம் குறுக்கிட்டு அதைத் தடுத்தது. 1946-இல் டேவிட் லாரன்ஸ் மேயரானபின், முதலில் தொழிற்சாலைகளிடமும் மறு ஆண்டு வீடுகளிடமும் அது அமலுக்கு வந்தது. வானம் மெல்ல வெளுத்தது. ஒரு நியாயஸ்தலத்தைக் காப்பதற்கு மிகப் பெரிய பராமரிப்பு, கொத்தனார் கையில் இருந்ததைவிடச் சட்டத்தின் கையில் இருந்தது என்பதை இந்த ஒரு செய்தி விளக்கும். கறை கழுவப்பட்டபோது உள்ளே கல் புண்படாமல் இருந்தது. ரிச்சர்ட்ஸன் முதலாவதாகச் செய்த தேர்வு, அறுபது ஆண்டுகளுக்கு மேலான கரியையும் வென்றுவிட்டது.

அதன்பின் வந்த தலைமுறை, தன் கையில் இருப்பது என்ன என்பதை உணர்ந்தது. 1973-இல் கட்டடம் தேசியச் சரித்திர ஸ்தலங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 1976-இல் தேசிய சரித்திரச் சின்னம் என்னும் உயர்ந்த அந்தஸ்தைப் பெற்றது. நூற்றாண்டு நிறைந்த 1988-ஐ ஒட்டி, மூன்றாம் மாடியில் 321 என்ற எண்ணுள்ள நீதிமன்ற அறை ஒன்று, பிற்காலத்துச் சேர்க்கைகளிலிருந்து விடுபட்டு, ரிச்சர்ட்ஸன் காலத்து ரூபத்துக்குத் திரும்பியது. அந்த ஓர் அறையைப் பார்த்தால், மற்ற அறைகள் எதை இழந்தன என்பது விளங்கும். மெய்யான ஜீர்ணோத்தாரணம் என்பது பழமையைப் புதிதாக்கிப் பளபளக்கச் செய்வதன்று. மறந்துபோன ஒரு கருத்தை மறுபடியும் கண்முன் நிறுத்துவது.

இந்த மூன்று கட்டடங்களின் கதையையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. பராமரிப்பு என்பது கட்டி முடித்த மறுநாள் தொடங்கும் ஒரு செலவுக் கணக்கு என்றே நாம் எண்ணுகிறோம். அது கட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. கல்லைத் தேர்ந்தெடுத்த கண்ணில் இருக்கிறது அது; தமக்குப் பின் வருவோர் மண்ணை அகழ்வார்கள் என்று நினைத்துப்பார்த்த மனத்தில் இருக்கிறது. வழங்கிய தீர்ப்பு நாளைய வழக்குக்கும் வழிகாட்டவேண்டும் என்று எண்ணி எழுதும் நீதிபதியின் சிரத்தையும், புதையப்போகும் கல்லையும் ஒழுங்காகச் செதுக்கச் சொன்ன சிற்பியின் சிரத்தையும் வேறு வேறல்ல. காணாத ஒருவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணமே இரண்டுக்கும் மூலம்.

இன்று கிரான்ட் வீதியில் வழக்குக்காகவோ, வரி கட்டவோ, விவாகத்துக்கு அனுமதிச்சீட்டு வாங்கவோ போகிறவர், சுவரோரமாக நடக்கும்போது தம் தோளருகே வரும் கற்களைத் தொட்டுப் பார்க்கலாம். ஒரு காலத்தில் மண்ணுக்குள் இருந்தவை அவை.

ராஸ் வீதிக்கு மேலே, வெனிஸ் நகரத்துப் பெருமூச்சுப் பாலத்தை நினைவூட்டிக்கொண்டு வளைந்து செல்லும் கற்பாலம் ஒன்று, நியாயஸ்தலத்தைச் சிறைச்சாலையோடு இணைக்கிறது. 1902-ஆம் ஆண்டின் ஒரு குளிர்கால இரவில் கைதிகளான இரண்டு சகோதரர்கள் தப்பிச் செல்லச் சிறையதிகாரியின் மனைவியே துணைசெய்த அந்தச் சிறை, 1995-இல் கைதிகள் நீங்கியபின், 2000-இல் குடும்ப வழக்குகளுக்கான நீதிமன்றமாக மறுபிறவி எடுத்த வரலாற்றை அடுத்த பகுதியில் காண்போம்.